பெயரொன்று, ஆளிருவர்: அட்டவணைகளை இணைத்துத் திருத்தும் முறை

பதுளை, பசறை, அப்புத்தளைத் தோட்டங்களில் ஒரே பெயருடையார் பலர் வாழ்தலை நம் பழைய மாணவர் நன்கறிவர். ஒரே லயத்தில் இரு இராமாயிகள் இருத்தல் புதுமையன்று. கணக்கப்பிள்ளை ஆளை முகத்தால் அறிவார். கணினியோ எழுத்தை மட்டுமே அறியும். ஆதலின், தரவுத்தளத்தில் ஓர் அட்டவணையை மற்றொன்றோடு இணைத்துத் திருத்துமிடத்து நேரும் பிழைகளை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

1970 ஆம் ஆண்டில் எட்கார் கொட் என்னும் அறிஞர் தரவுகளைத் தொடர்புடைய அட்டவணைகளாக அமைக்கும் நெறியை வகுத்தார். அந்நெறியில் ஒவ்வொரு வரிக்கும் பிறிதொன்றோடு மயங்காத அடையாளம் ஒன்று வேண்டும். பெயர் அத்தகைய அடையாளமன்று.

தொழிலாளர் பட்டியல் ஒன்றும், ஊழியர் சேமலாப நிதிப் பட்டியல் ஒன்றும் உள்ளன எனக் கொள்வோம். பின்னதிலுள்ள உறுப்பினர் எண்ணை முன்னதில் நிரப்ப வேண்டும்.

முதற் பிழை, இணை மிகுதல். பெயரால் இணைப்பின் ஓர் இராமாயிக்கு இரு வரிகள் பொருந்தும். போஸ்ட்கிரெஸ் என்னும் மென்பொருள் அவற்றுள் ஒன்றையே எடுத்தெழுதும், எது என முன்கூட்டிக் கூறவியலாது, பிழையென்றும் அறிவியாது. ஒருத்தியின் சேமிப்பு எண் மற்றொருத்திக்குச் சென்றுவிடும்.

இரண்டாவது, இணை கிடையாமை. தேசிய அடையாள அட்டையின் பழைய எண் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்டது. 2016 முதல் வழங்கும் எண் பன்னிரண்டு இலக்கமுடையது. 1900களிற் பிறந்தோரின் பழைய எண்ணுக்கு முன் 19 சேர்த்து, அதன் ஐந்தாம் இலக்கத்தின் பின் ஒரு சுழியம் இட்டு, ஈற்றெழுத்தை நீக்கினால் புதிய வடிவம் பெறலாம். இவ்வாறு ஒருவடிவாக்காது இணைப்பின் ஒரே ஆள் இருவராய்த் தோன்றுவார். தமிழெழுத்திலும் இவ்விடர் உண்டு: 'கொ' என்பதன் ஒகரக் குறி ஒரே குறியீடாகவும், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரு குறியீடாகவும் சேமிக்கப்படலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு.

மூன்றாவது, உள்ளது அழிதல். நிபந்தனையின்றி உள்வினவலால் எண்ணை நிரப்பினால், இணையற்ற வரிகளில் முன்னிருந்த சரியான எண்ணும் வெறுமையாகும்.

பரிகாரம் எளிது. 'அப்டேட்' கட்டளைக்கு முன் அதே இணைப்பை 'செலக்ட்' கட்டளையால் வரவழைத்துப் பார்த்தல் வேண்டும். இணை மிக்கவற்றையும் இணையற்றவற்றையும் தனித்தனியே எண்ணுக. மொத்தத்தை மட்டும் நோக்கின், மிகுதியும் குறைவும் ஒன்றையொன்று ஈடுசெய்து பிழையை மறைக்கும். பின்னர்ப் பரிவர்த்தனை ஒன்றைத் தொடங்கித் திருத்துக. திருந்திய வரிகள் எண்ணிய தொகையோடு ஒவ்வாவிடின் 'ரோல்பேக்' இட்டு மீள்க, ஒத்திருப்பின் உறுதிசெய்க. எஞ்சியோரைக் கணினியின் ஊகத்திற்கு விடாது, தோட்டத்திற்குச் சென்று கேட்டறிதலே முறை.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின் பின், நம் மக்கள் தம் பிறப்பையும் வதிவையும் தாள்களால் மெய்ப்பிக்க வேண்டியவராயினர். 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரை அவ்வல்லல் நீண்டது. ஏட்டிற் பிழைத்த ஓரெழுத்து ஒரு குடும்பத்தையே அலைக்கழிக்கும் என்பதை நாம் பிறர் சொல்லி அறியவேண்டியதில்லை. இன்று அவ்வேடுகள் கணினிக்கு மாறுகின்றன. அப்பணியில் அமரும் நம் இளைஞர், எழுதுமுன் எண்ணிப் பார்ப்பாராக.