பழைய சைக்கிளும் புதிய சைக்கிளும்

தலைநகரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில், மாடிப்படியின் அடியில் கறுப்பு சைக்கிள் ஒன்று சாய்ந்து நிற்காத வீடு ஒரு காலத்தில் அரிது. நம் இல்லத்திலும் ஓர் அட்லஸ் உண்டு. தந்தையார் அலுவலகம் சென்று வந்தது அதில்தான். நாம் குரங்குப் பெடல் போட்டுப் பழகியதும் அதில்தான். 1951-இல் சோனிப்பத்தில் தோன்றிய அந்நிறுவனத்தின் சாகிபாபாத் தொழிற்சாலையில் 2020 ஜூன் 3-ஆம் நாள் வேலை நின்றது. அன்று உலக சைக்கிள் தினம் என்பது விதியின் விளையாட்டே!

சென்ற குளிர்காலத்தில் நம் புதல்வி, "அப்பா, எனக்கு ரோடு பைக் வேண்டும்" என்றாள். விடியற்காலையில் இந்தியா கேட் பக்கம் வளைந்த கைப்பிடியுடன் பறந்து செல்வோரைக் கண்ட ஆசை. ஜண்டேவாலான் கடைத்தெருவுக்குப் புறப்பட்டோம்.

அங்கே நாம் செய்த பிழையை அன்பர்கள் செய்யலாகாது. ஒரு கடையில் 56 சென்டிமீட்டர் சட்டமுள்ள வண்டி ஒன்றே இருந்தது. "இருக்கையை இறக்கினால் சரியாகிவிடும்" என்றார் கடைக்காரர். பழைய அட்லஸில் அப்படித்தானே செய்தோம் என்று நம்பி 2,000 ரூபாய் முன்பணம் கொடுத்தோம். மறுநாள் ஏறிப் பார்த்தபோது கைப்பிடி எட்டவில்லை. இறங்கி நின்றால் குறுக்குக் குழாய் இடித்தது. இருக்கையை இறக்கலாம், குழாயைக் குறுக்க முடியுமா? முன்பணம் போயிற்று. வேறிடத்தில் 50 சென்டிமீட்டர் வண்டி அவளுக்கென்றே வார்த்ததுபோல் அமைந்தது.

எடை ஏறக்குறைய 11 கிலோ. ஒற்றைக் கையால் மாடிக்குத் தூக்கிச் செல்கிறாள். டயரின் அகலம் 28 மில்லிமீட்டர். இதனினும் மெல்லியதைக் கேட்டவளை நாம் தடுத்தோம். நம் சாலைக் குழிகளை அறிந்தவர் வேறென்ன செய்வார்! காற்றடைக்கும் வாய் மெலிந்தது. பெட்ரோல் நிலையத்துக் குழாய் அதில் பொருந்தாது. சிறு பித்தளை இணைப்பை வாங்கிக்கொண்டோம். பழைய டயர் இதற்கு உதவுமோ என்று பார்த்ததும் வீண்: அட்லஸின் டயர் அமரும் வளையம் 635 மில்லிமீட்டர் விட்டம், இதனுடையது 622.

மணி, மட்கார்டு, ஸ்டாண்டு, காரியர் ஒன்றுமே இதில் இல்லை. அரிசி மூட்டை ஏற்றுவதெங்ஙனம் என்று இல்லத்தரசி கேட்டதற்கு நம்மிடம் விடையில்லை.

அந்தக் கேள்வியே அட்லஸைக் காத்தது எனலாம். பழையதைக் கொடுத்தால் 500 ரூபாய் தள்ளுவதாகக் கடையில் சொன்னார்கள். நாமும் ஏறக்குறைய இசைந்துவிட்டோம். உண்மையைச் சொன்னால், தந்தையாரின் நினைவு அவ்வேளை நம் மனத்தில் எழவேயில்லை. வீட்டில்தான் ஒப்பவில்லை. சங்கிலியும் பிரேக் கட்டையும் மாற்ற 400 ரூபாய் ஆயிற்று. இவ்வகைக் கறுப்பு வண்டிகளுக்கு வேண்டிய உதிரிப் பாகங்கள் பிற நிறுவனத்தாருடையவையும் பொருந்துவதால், தொழிற்சாலை நின்றும் வண்டி நிற்கவில்லை.

புதியது படுக்கையறைச் சுவரில் கொக்கியில் தொங்குகிறது. பழையது படியடியில். ஞாயிறன்று கரோல் பாக்கில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கப் புதல்வி எடுத்துச் செல்வது அதைத்தான். இருக்கையை மட்டும் இரண்டங்குலம் இறக்கிக்கொள்கிறாள்.