அகம் புறமான பாட்டு

காதலொழுக்கத்தை அகமென்றும், போர் முதலியவற்றைப் புறமென்றும் வகுத்தனர் நம் முன்னோர். அகப்பொருள் பற்றி எழுந்த பாட்டொன்று, ஒரு சொல்லும் மாறாமலே, மக்கள் உள்ளத்திற் புறப்பொருள் பெறுதலும் உண்டு. ‘செரிப்பழக் காலம்’ என்னும் பிரெஞ்சுப் பாட்டு இதற்குத் தக்க சான்றாகும்.

இதனை 1866 ஆம் ஆண்டில் இயற்றியவர் ழான் பத்தீஸ்த் கிளெமான். இளமையிலேயே வீட்டை விட்டு நீங்கிக் கைத்தொழில் செய்து பிழைத்தவர் இவர். 1868 இல் அந்துவான் ரெனார் என்னும் பாடகர் இதற்கு இசையமைத்தார்.

செரி என்பது வேனிற்றொடக்கத்திற் கனியும் சிறு செம்பழம். இரட்டைக் காம்பில் தொங்குதலால் மகளிர் காதணி போலத் தோன்றும். அதன் பருவமோ சில கிழமைகளே. இப்பருவத்தையே காதலின்பத்திற்குக் குறியாக்கினார் கவிஞர். புட்கள் பாடக் காதலர் இணைந்து பழங்கொய்வர். இலைகளின் கீழ் உதிரும் பழம் குருதித்துளியை ஒக்கும். இறுதியிற் பாடுவோன், அக்காலம் தன் நெஞ்சில் ஆறாப் புண்ணொன்றை விட்டுச் சென்றதென்றும், அதனையே என்றும் விரும்புவேனென்றும் கூறி முடிக்கின்றான். இதில் அரசியல் சிறிதும் இல்லை.

ஐந்தாண்டுகளின் பின் நிலைமை மாறிற்று. பிரசியப் போரிற் பிரான்சு தோல்வியுற்றதும், 1871 மார்ச் 18 ஆம் நாள் பாரிஸ் மக்கள் கிளர்ந்தெழுந்து ‘கொம்யூன்’ எனப்படும் தன்னாட்சியை நிறுவினர். கிளெமானும் அதன் அவையில் ஓர் உறுப்பினரானார். 72 நாள்களில், மே 28 ஆம் நாள், அரசுப் படைகள் அதனை முற்றாக அழித்தன. இறுதிக் கிழமையில் மாண்டோர் பல்லாயிரவர். தலைமறைவாகி இலண்டன் சென்ற கிளெமானுக்கு, அவர் இல்லாதபோதே மரணதண்டனை விதிக்கப்பட்டது. 1880 இல் பொதுமன்னிப்புக் கிடைத்த பின்னரே அவர் பாரிஸ் திரும்பினார்.

1885 இல் வெளிவந்த தம் பாடற்றொகுதியில், இப்பழைய காதற்பாட்டை லூயிஸ் என்னும் பெண்ணுக்கு அவர் காணிக்கையாக்கினார். இறுதி நாளன்று, பொந்தேன் ஓ ருவா வீதியின் தடையரணுக்குக் கையிற் கூடையுடன் வந்து, போகுமாறு பணித்தும் போகாது காயமுற்றோரைப் பேணியவள் அவள். அவள் பெயரும், அவள் ஒரு தொழிலாளி என்பதுமன்றி வேறெதனையும் அவர் அறியார். அவள் பிழைத்தாளோ மாண்டாளோ என்பதும் தெரியவில்லை.

இக்காணிக்கையாற் பாட்டின் பொருள் விரிந்தது. செரிப்பழம் சிவக்கத் தொடங்கும் மே மாத இறுதியே பாரிஸ் குருதியில் தோய்ந்த காலமுமாகும். குருதித்துளி, குறுகிய பருவம், ஆறாப் புண் ஆகிய மூன்றும் காதலுக்கேயன்றி அழிந்த கனவுக்கும் பொருந்தின. அக்கொடுமையை நேரே பாடும் ‘குருதிக் கிழமை’ என்னும் பாட்டையும் கிளெமானே 1871 இல் இயற்றியிருந்தார். எனினும், பெரும்பாலோர் நாவில் நிலைத்தது காதற்பாட்டே. கிளெமான் 1903 இல் மறைந்தார். 1996 சனவரியில், முன்னாட் குடியரசுத் தலைவர் மித்தெரான் மறைந்தபோது, பாஸ்தீய் சதுக்கத்திற் கூடிய பெருந்திரளின் முன் பார்பரா ஹென்ட்ரிக்ஸ் பாடியதும் இதுவே.

தோற்றோரின் துயரை வெளிப்படக் கூறுதல் அரிதாயிருந்த நாளில், இழந்த காதலைப் பாடுதல் எவர்க்கும் எளிதாயிருந்தது. ஒருவன் தன் நெஞ்சப் புண்ணை உண்மையாகப் பாடினானாயின், ஒரு நகரமும் தன் புண்ணை அதிற் காணுதல் கூடும்.