நர்சிங் சேர சின்ன காலேஜா, பெரிய யுனிவர்சிட்டியா? அட்வான்ஸ் கட்டும் முன் கேட்க வேண்டிய 4 கேள்விகள்!

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் வேலைக்குப் போகும் பல அண்ணன், அக்காக்களுக்கு ஊரிலிருந்து இந்த போன் வந்திருக்கும். "பாப்பாவை நர்சிங் சேர்க்கணும்டா. நம்ம ஊர் பக்கத்துலயே ஒரு காலேஜ் இருக்கு, 60 சீட்தானாம், பிள்ளைங்களை நல்லா பார்த்துக்கிறாங்களாம். மாமா என்னடான்னா சென்னையில பெரிய யுனிவர்சிட்டியில சேருங்கிறாரு. எது நல்லது?"

ஃபீஸில் பாதி நம் சம்பளத்திலிருந்தும், மீதி கல்விக் கடனிலிருந்தும் போகப் போகிறது. பி.எஸ்சி நர்சிங் என்பது 4 வருடப் படிப்பு. பாதியில் காலேஜ் மாறுவது சுலபமில்லை. அதனால் கட்டிடத்தின் சைஸைப் பார்க்காமல், இந்த 4 கேள்விகளுக்குப் பதில் தேடுவது நல்லது.

1. பட்டம் தருவது யார்?

தமிழ்நாட்டில் பெரும்பாலான நர்சிங் கல்லூரிகள், அரசு, தனியார் எதுவாக இருந்தாலும், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. சின்ன ஊரில் 60 பேரோடு படித்தாலும், 1946-லேயே நர்சிங் பட்டப்படிப்பைத் தொடங்கிய வேலூர் சிஎம்சி-யில் படித்தாலும், பட்டத்தில் இருப்பது இதே பல்கலைக்கழகத்தின் பெயர்தான். சிலபஸ் ஒன்று, யுனிவர்சிட்டி தேர்வும் ஒன்று.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தனி ரகம். அவை தாங்களே தேர்வு நடத்தி, தாங்களே பட்டம் தருகின்றன. ஆனால் எங்கே படித்தாலும் பாடத்திட்டத்தின் அடிப்படை இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்ததுதான். படித்து முடித்ததும் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் நர்ஸாக வேலை பார்க்க முடியும். எனவே, அந்தக் கல்லூரி கவுன்சில்களின் பட்டியலில் இந்த வருடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பட்டியலில் இல்லையென்றால், அடுத்த 3 கேள்விகளுக்கு வேலையே இல்லை.

2. எத்தனை மாணவர்களுக்கு எத்தனை நோயாளிகள்?

நர்சிங்கில் பாதிப் படிப்பு வார்டில்தான். ஒரு மாணவருக்கு 3 நோயாளிகள் இருக்க வேண்டும் என்பது நர்சிங் கவுன்சிலின் கணக்கு. இதை நாமே போட்டுப் பார்க்கலாம்.

வருடத்துக்கு 60 சீட் என்றால், 4 வருடத்துக்கு 240 பேர். அதில் பாதிப் பேர் ஒரே நாளில் கிளினிக்கல் போஸ்டிங்கில் இருந்தாலும் 120 பேர். அவர்களுக்கு 360 நோயாளிகள் வேண்டும். காலேஜின் சொந்த ஆஸ்பத்திரியில் 100 படுக்கைதான் என்றால், மீதிக்கு எங்கே போவார்கள்? மாவட்ட அரசு மருத்துவமனையோடு ஒப்பந்தம் இருந்தால் சின்ன காலேஜிலும் பிரச்சினை இல்லை. அப்படி எதுவும் இல்லையென்றால், காலியான கட்டிலைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும்.

3. கை வைத்துச் செய்ய வாய்ப்பு கிடைக்குமா?

பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை. டயாலிசிஸ், பச்சிளம் குழந்தைகள் ஐசியூ, இதய அறுவை சிகிச்சை என எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கும். ஆனால் அங்கே ஹவுஸ் சர்ஜன்கள், மேற்படிப்பு டாக்டர்கள், டிப்ளமோ நர்சிங் மாணவர்கள் என்று கூட்டமும் அதிகம். ஒரு பிரசவத்தைச் சுற்றி 10 பேர் நின்றால், பின்வரிசையில் நிற்பவருக்குத் தெரிவது முன்னால் நிற்பவரின் முதுகுதான்.

சின்ன இடத்தில் கேனுலா போடுவது, காயத்துக்குக் கட்டுப் போடுவது எல்லாம் சீக்கிரமே கைக்கு வரும். டியூட்டருக்கு ஒவ்வொருவர் பெயரும் தெரியும். ஆனால் மனநலம், ஐசியூ போன்றவற்றுக்கு வெளியே போக வேண்டியிருக்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு. நர்ஸ் பற்றாக்குறையைச் சமாளிக்க மாணவர்களையே நைட் டியூட்டியில் தனியாக விடும் இடங்கள் இருக்கின்றன. சொல்லித்தர ஆள் இல்லாமல் பார்க்கும் டியூட்டி, சம்பளமில்லாத வேலை மட்டுமே.

4. நாளைக்கு எங்கே வேலை?

மத்திய அரசு வேலைதான் கனவு என்றால், எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வு கேட்பது தகுதியையும் மதிப்பெண்ணையும்தான். காலேஜின் அளவை அல்ல. கார்ப்பரேட் மருத்துவமனைகளில் முதல் வேலைக்கு மட்டும், பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்றது கொஞ்சம் கைகொடுக்கும்.

வெளிநாடு என்றால் கதை வேறு. அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ் எழுதும் முன் டிரான்ஸ்கிரிப்டைச் சரிபார்ப்பார்கள். பொது மருத்துவம், மகப்பேறு, குழந்தைகள் நலம், மனநலம் என ஒவ்வொன்றிலும் வகுப்பு எத்தனை மணி நேரம், வார்டு எத்தனை மணி நேரம் என்று அதில் தனித்தனியாக இருக்க வேண்டும். படித்து முடித்து 5 வருடம் கழித்து அந்தக் காகிதத்தைச் சரியாகத் தரும் அலுவலகம் இருக்கிறதா என்பதும் காலேஜைத் தேர்வு செய்ய ஒரு காரணம்தான்.

நேரில் போனால் என்ன பார்ப்பது?

ஒரு வேலை நாளில், காலை 10 மணிக்கு, சொல்லாமல் போங்கள். காலேஜுக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குள் நுழையுங்கள். ஓபி-யில் கூட்டம் இருக்கிறதா? கட்டில்களில் நோயாளிகள் இருக்கிறார்களா? யூனிஃபார்மில் மாணவர்கள் நிற்கிறார்கள் என்றால், பக்கத்தில் டியூட்டர் இருக்கிறாரா?

பிறகு மூன்றாம் வருட மாணவி ஒருவரிடம் தனியாகக் கேளுங்கள்: "இதுவரைக்கும் நீங்களே எத்தனை பிரசவம் பார்த்திருக்கீங்க? லாக் புக்கில் எழுதுறது எல்லாம் நிஜமா செஞ்சதா?" அட்மிஷன் ஆபீஸில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஹாஸ்டல், பஸ், யூனிஃபார்ம், தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 4 வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு? வாய்வார்த்தையாக வேண்டாம், எழுதி வாங்குங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களை அவர்களே வைத்துக்கொள்வார்களா என்றும் கேளுங்கள். ஆம் என்றால் யோசியுங்கள். சரிபார்த்ததும் சான்றிதழ்களைத் திருப்பித் தர வேண்டும் என்று யுஜிசி 2018-லேயே சொல்லிவிட்டது.

சரி, எதைத் தேர்வு செய்யலாம்?

அரசு ஆஸ்பத்திரியோடு உறுதியான ஒப்பந்தமும் நிலையான டியூட்டர்களும் இருக்கும் சின்ன காலேஜ் என்றால், கடன் சுமையோடு பெரிய இடத்தைத் தேடி ஓட வேண்டிய அவசியமில்லை. ஐசியூ, குழந்தைகள் பிரிவு என்று ஏதாவது ஒரு துறையில் ஆழமாகப் போக ஆசை, கூட்டத்திலும் முன்னால் போய் நின்று கேட்கும் தைரியம், ஃபீஸ் கட்டும் வசதி, இந்த மூன்றும் இருந்தால் பெரிய யுனிவர்சிட்டி பலன் தரும்.

அடுத்த முறை அம்மா போன் செய்தால், "எந்த காலேஜ்" என்பதற்கு முன்னால் "அந்த ஆஸ்பத்திரியில எத்தனை பேஷன்ட் இருக்காங்கம்மா?" என்று கேளுங்கள்.