இஞ்சின் நின்றால் முதலில் டாங்கியைப் பாருங்கள்

ஜனவரி முதல் மார்ச் வரை மலையகத்தில் மழை குறைவு என்பது யாவரும் அறிந்ததே. நுவரெலியா, கந்தப்பளை, இராகலைப் பகுதிகளில் தோட்ட வேலையோடு ஒரு துண்டு நிலத்தில் லீக்ஸ், கரட், கோவா பயிரிடும் குடும்பங்களுக்கு அக்காலத்தில் ஓடைத் தண்ணீரே கதி. அதை மேட்டுக்கு ஏற்றும் சிறிய டீசல் பம்ப் சில நாட்கள் படுத்துவிட்டால் இளம் நாற்று வாடிவிடும். பம்பை இருவர் சுமந்து பாதைக்கு ஏற்றி, முச்சக்கர வண்டியில் டவுனுக்குக் கொண்டுபோய், கராஜ் பாஸுக்கு நேரம் கிடைக்கும்வரை காத்திருந்து மீட்டு வருவதற்குள் பல நாள் சம்பளம் கரைந்துவிடுகிறது. இத்தனைக்கும் பல வேளைகளில் அந்த இஞ்சினில் பெரிய பழுது எதுவும் இருப்பதில்லை. குழாயில் சிறிது காற்று, அல்லது டாங்கியின் அடியில் சிறிது தண்ணீர். அவ்வளவுதான்.

டீசல் இஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை இறுக அமுக்கும்போது அது 500 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் நொசில் வழியாகப் பனிப்புகைபோல் பீச்சப்படும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது. ருடோல்ப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியியலாளர் 1897ஆம் ஆண்டில் ஓட்டிக் காட்டிய முறை இன்றும் அடிப்படையில் மாறவில்லை. ஆகவே இஞ்சினுக்கு வேண்டியவை மூன்று: காற்று, நல்ல அமுக்கம், சுத்தமான டீசல். இம்மூன்றில் அடிக்கடி கெடுவது டீசலே.

எங்கள் மலையில் அது கெடுவதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. பகலில் வெயில், இரவில் கடுங்குளிர். பாதி வெறுமையான டாங்கியின் உட்சுவரில் ஈரக்காற்று குளிர்ந்து துளித்துளியாய்ப் படிகிறது. தண்ணீர் டீசலைவிடக் கனமானது. அடியில் தங்கி, துருவையும் வழுவழுப்பான அழுக்கையும் வளர்க்கிறது. பம்பைத் தூக்கி ஓடைக்கு இறக்கும்போது அத்தனையும் கலங்கி வடிகட்டிக்குப் போய்ச் சேர்கிறது. கடலில் பாய்மரப் படகுகளின் துணை இஞ்சினும் இதே நோயால்தான் அவதிப்படுகிறது. அங்கே டாங்கியைக் கலக்குவது அலை. மாலையில் வேலை முடிந்ததும் டாங்கியை நிரப்பி வைத்தால் பனி படிய இடமிருக்காது. கானில் வாங்கிய டீசலை ஓர் இரவு அசையாமல் வைத்து, அடியிலுள்ள கொஞ்சத்தை விட்டுவிட்டு, துணியில் வடித்து ஊற்றுங்கள்.

மண்ணெண்ணெய் கலப்பது பற்றியும் சொல்லியாக வேண்டும். 2022 ஜூன் இறுதியில் டீசல் லீற்றர் 460 ரூபாவாக இருந்தபோது மண்ணெண்ணெய் 87 ரூபா. ஓகஸ்டில்தான் அது 340 ஆனது. கலக்கும் ஆசை வந்ததில் வியப்பில்லை. ஆனால் டீசல் பம்புக்கும் நொசிலுக்கும் வழுக்கு நெய்யாக இருப்பதும் டீசல்தான். மண்ணெண்ணெயில் அந்தப் பசை குறைவு, பாகங்கள் தேய்ந்துவிடும்.

இனி, ஓடிக்கொண்டிருந்த இஞ்சின் திக்கித் திக்கி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். டாங்கியில் டீசல் இருக்கிறதா, மூடியிலுள்ள காற்றுத் துவாரம் சேற்றால் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வடிகட்டியைச் சுத்தம் செய்யுங்கள், அல்லது மாற்றுங்கள். இதன்பின் காற்றை வெளியேற்ற வேண்டும். டாங்கித் திருகியைத் திறந்து, வடிகட்டியின் மேலுள்ள சிறு திருகாணியைத் தளர்த்துங்கள். நுரையும் குமிழியுமாக வரும். குமிழி நின்று டீசல் மட்டும் ஒழுகும்போது இறுக்குங்கள். டீசல் பம்புக்குள் நுழையும் குழாயிலும் அதேபோல் செய்யுங்கள். கடைசியாக, நொசிலுக்குப் போகும் மெல்லிய இரும்புக் குழாயின் நட்டைச் சற்றே தளர்த்தி, அமுக்கம் விடும் நெம்பைத் தூக்கிப் பிடித்துக் கைப்பிடியைச் சுற்றுங்கள். குமிழியின்றி டீசல் துளிர்த்ததும் இறுக்குங்கள். இதற்கு இரண்டு ஸ்பானர் போதும். கணவர் கொழும்பில் வேலை செய்ய, வீட்டில் தண்ணீர் பாய்ச்சுவது பெண்களே என்ற நிலை பல லயங்களில் உண்டு. எனவே இதை அவர்களுக்குத்தான் முதலில் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஓர் எச்சரிக்கை. நொசிலைக் கழற்றிப் பீச்ச வைத்துச் சோதிக்கும்போது கையை முன்னால் நீட்டாதீர்கள். அந்த வேகத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தியதுபோலத்தான் தெரியும், வலிகூட இராது. ஆனாலும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிந்தினால் விரலையே இழக்க நேரிடும்.

கறுப்புப் புகை வந்தால் காற்று போதவில்லை. காற்று வடிகட்டியைத் தட்டித் துடையுங்கள். நீலப் புகை, ஒயில் எரிவதைக் காட்டும். அது பாஸின் வேலை. குளிர்ந்த காலையில் சிறிது நேரம் வெள்ளைப் புகை வந்தால் அஞ்ச வேண்டாம்.

கறுப்புப் புகைக்கு மலையே காரணமாவதும் உண்டு. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்று ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவாக மெலிந்திருக்கிறது. கொழும்பில் இழுத்த பாரத்தை அதே இஞ்சின் இங்கே இழுக்காது. இன்னொன்று: பம்ப் தண்ணீரை உறிஞ்சுவதும் காற்றழுத்தத்தின் பலத்தால்தான். கடற்கரையில் கணக்குப்படி 10.3 மீற்றர் என்றால், இங்கே ஏறத்தாழ 8.2 மீற்றர், நடைமுறையில் 5 மீற்றருக்கு மேல் நம்ப முடியாது. இஞ்சின் நன்றாக ஓடியும் தண்ணீர் ஏறவில்லையென்றால் இஞ்சினைக் கழற்றாதீர்கள். பம்பை ஓடைக்கு அருகே இறக்கி வைத்து, உறிஞ்சும் குழாயைக் குட்டையாக்கி, பொருத்துகளில் காற்று நுழையாதபடி இறுக்கிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.