பூனையின் மனக்கலக்கமும் அதன் பரிகாரமும்

பூனையையும் பசுவையும் வாயில்லாச் சீவன்கள் என்று உலகம் இரக்கத்தோடு கூறும். உண்மையில் அவற்றுக்கு வாயுண்டு, சொல்தான் இல்லை. சொல்லில்லாத உயிர் தன் துன்பத்தைச் செயலாற் புலப்படுத்தும். அச்செயலின் பொருளை அறியாதார் அதனைத் தீய பழக்கமென்றோ தீராத நோயென்றோ கருதி, துன்புறும் உயிரையே தண்டித்தலும் உண்டு. தன் உடலைத் தானே ஓயாது நக்கி, வயிற்றிலும் தொடையிலும் உரோமம் இழந்து நிற்கும் பூனையின் நிலை இத்தகையதே.

பேராதனையிலிருந்து மலையேறிச் செல்லும் வீதி கலஹாவை அடைகையில் இருமருங்கும் தேயிலையே காட்சி தரும். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் என்பார் 19 ஏக்கர் நிலத்திலே தேயிலை பயிரிட்ட லூல்கந்துரத் தோட்டம் இவ்வூருக்கு அணித்தாக உள்ளது. இம்மலைகளின் லயங்களில், எலித்தொல்லை கருதியும் பிள்ளைகளின் விருப்பங் கருதியும் பூனை வளர்த்தல் நெடுநாள் வழக்கமாகும். அங்கே ஒரு பூனையின் வயிறு உரோமமின்றித் தோன்றுமாயின், "சொறி பிடித்துவிட்டது, பிள்ளைகளுக்கு ஒட்டும்" என்ற அச்சம் உடனே எழுகின்றது. பூனையைச் சாக்கிலிட்டுக் கட்டி, மலைக்கப்பால் விட்டு வருதலே எளிய பரிகாரமாகச் சிலருக்குத் தோன்றுகின்றது. இவ்வாறு துரத்தப்படும் பூனைகளுட் பல, காரணம் அறியப்படின் வீட்டிலேயே நலம்பெறத் தக்கவை. அக்காரணத்தை அறியும் வழி யாது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

பூனை தன்னை நக்குதல் இயல்பான தொழிலாகும். விழித்திருக்கும் நேரத்திற் கணிசமான பகுதியை அது இதற்கே செலவிடுகின்றது. பூனையின் நாவிலுள்ள முட்போன்ற நுண்ணுறுப்புகளின் நுனி கரண்டி போலக் குழிந்திருப்பதையும், அக்குழிவு உமிழ்நீரை உரோமத்தின் அடிவரை கொண்டு சேர்ப்பதையும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2018இல் எடுத்துக் காட்டினர். இதனால் அழுக்கு நீங்குகின்றது, உடற்சூடு தணிகின்றது, தெள்ளும் குறைகின்றது. கலிபோர்னியாவில் நடந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், கழுத்துப்பட்டை அணிவித்து நக்கவிடாது தடுக்கப்பட்ட பூனைகளின் உடலில், மற்றைய பூனைகளைப் பார்க்கிலும் ஏறத்தாழ இருமடங்கு தெள்ளுகள் காணப்பட்டன. எனவே நக்குதல் குற்றமன்று. அது அளவு கடத்தலே குற்றம்.

அளவு கடந்ததை அறிவது எவ்வாறு? வயிறு, உட்தொடை, விலாப்புறம், முன்னங்கால் ஆகிய நாவெட்டும் இடங்களில் உரோமம் குறுகி, ஒட்ட வெட்டிய புல்லைப் போலத் தோன்றும். நாவெட்டாத தலையும் பிடரியும் செழிப்பாகவே இருக்கும். உரோமம் தானாக உதிர்ந்ததா, பூனையே நக்கி அறுத்ததா என்ற ஐயத்தைத் தீர்க்கப் பாடசாலை விஞ்ஞானகூடத்து நுணுக்குக்காட்டியே போதும். இயல்பான உரோமத்தின் நுனி ஊசிபோலக் கூர்ந்து செல்லும். நக்கி அறுக்கப்பட்டதன் நுனியோ முறிந்த ஈர்க்குப்போல இருக்கும். பூனைகளிற் பல மறைவிடத்திலே நக்குவதனால், "எங்கள் பூனை நக்குவதே இல்லை" என்று வீட்டார் கூறுவதை மட்டும் நம்பி முடிவு செய்தல் தவறாகும்.

நக்கி அறுத்தது என்று தெளிந்த பின்னரும், மனக்கலக்கமே காரணமென்று உடனே துணிதல் ஆகாது. இவ்விடயத்தில் 2006இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி பெரிதும் கருதத்தக்கது. மனக்கலக்கத்தால் உரோமம் இழந்தன என எண்ணப்பட்ட 21 பூனைகளை மிருகவைத்தியர் நுணுகிப் பரிசோதித்தனர். அவற்றுள் 16 பூனைகளுக்கு உடல்நோயே காரணமாயிருந்தது. 3 பூனைகளுக்கு உடல்நோயும் மனக்கலக்கமும் கலந்திருந்தன. மனக்கலக்கம் ஒன்றே காரணமாயிருந்தவை இரண்டே. "இதற்கு மனநோய்" என்று பெயர்சூட்டி அமைந்துவிடின், நாலில் மூன்று பூனைகளின் உண்மைப் பிணி கவனிப்பாரின்றிப் போயிருக்கும்.

உடற்காரணங்களுள் முதலில் நோக்கத்தக்கது தெள்ளு. தெள்ளின் உமிழ்நீரை ஒவ்வாத பூனைக்குச் சில கடிகளே பெரும் அரிப்பை விளைக்கும். தெள்ளைக் கண்ணாற் காணவில்லை என்பது போதிய சான்றன்று. ஓயாது நக்கும் பூனை அதனை விழுங்கிவிடும். நனைத்த வெள்ளைத் தாளொன்றை விரித்து, அதன்மேல் பூனையை நுண்பற் சீப்பினால் வாரும்போது விழுங் கரும்பொடி செம்மண் நிறமாய்க் கரையுமாயின், அது தெள்ளின் கழிவாகிய செரித்த குருதியேயாம். இச்சோதனைக்குச் செலவேதுமில்லை. தெள்ளின் முட்டையும் புழுவும் கூடும் பூனையின்மேல் இராது, படுக்கையிலும் சாக்கிலும் தரை வெடிப்பிலும் தங்குவன. ஆதலால் மருந்தைப் பூனைக்கு மாத்திரம் ஒருமுறை இட்டு நிறுத்துதல் பயனற்றது. வீட்டிலுள்ள எல்லாப் பூனைகளுக்கும் நாய்களுக்கும் அவ்வவற்றுக்குரிய மருந்தைச் சில மாதங்கள் தொடர்ந்து இடுதலும், படுக்கைத் துணியை வாரந்தோறும் கொதிநீரில் அலசுதலும் வேண்டும். அடுத்தடுத்த காம்பராக்களில் வாழ்வோர் ஒன்றுகூடிச் செய்தாலன்றி லயத்திலே தெள்ளு ஒழியாது.

தெள்ளைத் தவிர, உணவு ஒவ்வாமையும் பூஞ்சணத்தால் வரும் படர்தாமரையும் சொறிப்பூச்சியும் காரணமாகலாம். படர்தாமரை பிள்ளைகளுக்குத் தொற்றக் கூடியது. ஆதலின் பெற்றோரின் அச்சம் முற்றும் பொருளற்றதன்று. ஆனால் அச்சம் பரிசோதனைக்கு வழிகாட்ட வேண்டுமே அன்றித் துரத்துதலுக்கு வழிகாட்டலாகாது. வலியும் நக்கலை ஏவும். சிறுநீர்ப்பை வலிக்கும் பூனை அடிவயிற்றை நக்கும். மூட்டு வலிக்கும் முதிய பூனை அம்மூட்டின் மேற்புறத்தை நக்கும். ஆண்பூனை அடிக்கடி குந்தி முக்கியும் சிறுநீர் கழியாதிருப்பின், அஃது ஒருநாளும் தாமதிக்கலாகாத உயிராபத்தாகும்.

இக்காரணங்கள் யாவும் நீங்கிய பின்னரே மனக்கலக்கம் ஆராயப்படவேண்டும். அஞ்சிய உயிர் ஓடவோ எதிர்க்கவோ இயலாத நெருக்கடியில், அவ்விடத்துக்குச் சிறிதும் பொருந்தாத வேறொரு செயலைச் செய்வதனை விலங்கு நடத்தை அறிஞர் கண்டுள்ளனர். 1973இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவரான நிக்கோ டின்பேர்கன் இத்தகைய இடமாறிய செயல்களை விரிவாக ஆராய்ந்தவர். விடையறியாத மாணவன் பேனாவைக் கடிப்பதும், நேர்முகப் பரீட்சைக்குச் சென்றவர் தலைமயிரைத் திரும்பத் திரும்பக் கோதுவதும் இவற்றை நினைவூட்டும். பூனைக்கு அத்தகைய ஆறுதற்செயல் நக்குதல். நெருக்கடி நாளும் நீடிப்பின் ஆறுதல் வழக்கமாகி, வழக்கம் தன்னை மீறிய செயலாகிவிடுகின்றது.

பூனை ஏன் இத்துணை எளிதிற் கலங்குகின்றது? குறுந்தொகைப் புலவர் ஒருவர், மாலைப்பொழுதில் வேலிப்புறத்தே வந்த வெருகைக் கண்டு அஞ்சும் வீட்டுக்கோழியைக் காட்டியுள்ளார். கோழிக்கு எமனாகிய அவ்வெருகின் இனமே, நாய்க்கும் பெருவிலங்குக்கும் இரையாகத் தக்க சிறிய உடலும் உடையது. வேட்டையாடியாகவும் இரையாகவும் ஒருங்கே வாழ நேர்ந்ததால், மறைந்திருந்து நோக்குதலும் தன் எல்லையைக் காத்தலும் நோவை வெளிக்காட்டாமையும் அதன் இயல்பாயின. தனித்து வேட்டையாடும் காட்டுப்பூனையின் வழிவந்த அதற்கு, மனிதரோடு வாழ்ந்த பல்லாயிரம் ஆண்டுகளும் அவ்வியல்பை முற்றாக மாற்றவில்லை.

இவ்வியல்புடைய பிராணி லயத்திலே படும் பாட்டை எண்ணிப் பார்த்தல் தகும். ஒரே கூரையின்கீழ்ப் பல காம்பராக்கள். ஒரே இஸ்தோப்பின் வழியே பல குடும்பங்களும் அவற்றின் நாய்களும் நடமாடுகின்றன. கூரையின்மேல் அயற்கடுவன் ஒன்று இரவுதோறும் வந்து உறுமுகின்றது. தீபாவளி வெடியும் திருவிழா ஒலிபெருக்கியும் தகரக்கூரையில் அறையும் அடைமழையும் அதன் நுண்செவியைத் தாக்குகின்றன. சோறூட்டி வளர்த்த தாய் வேலை நிமித்தம் கொழும்புக்கோ மத்திய கிழக்குக்கோ சென்றுவிட, பூனையை அழைக்கும் பழகிய குரல் நின்றுபோகின்றது. லயத்தைவிட்டுத் தனிவீட்டுக்குக் குடியேறுதல் மனிதருக்கு மகிழ்ச்சி; தன் மணம் பதிந்த சுவரையும் மூலையையும் இழந்த பூனைக்கோ அது பெருங்கலக்கம். 2025 நவம்பரில் டித்வா சூறாவளி கண்டி மாவட்டத்திலே பெரும் மண்சரிவுகளை விளைத்து மக்களை இடம்பெயரச் செய்தபோது, வீட்டுப்பிராணிகளும் இடமிழந்தன என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இங்ஙனமாகிய மாற்றங்கள் பூனையின் உடலையே தாக்க வல்லன என்பதற்கு ஒஹையோ அரச பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி சான்று பகரும். சிறுநீர்ப்பை நோயுள்ள 20 பூனைகளையும் நோயற்ற 12 பூனைகளையும் அங்கே 77 வாரங்கள் அவதானித்தனர். உணவு நேரமும் பராமரிப்பவரும் மாறிய வாரங்களில், நோயற்ற பூனைகளும் உணவு மறுத்தல், வாந்தியெடுத்தல் முதலிய நோய்க்குறிகளைக் காட்டின. இவ்வாராய்ச்சி 2011இல் வெளியானது. பூனைக்கு ஒழுங்கே முதல் மருந்து என்பது இதனாற் பெறப்படும்.

பரிகாரமும் இதனின்று பிறக்கின்றது. முதலாவது, ஒளிந்திருக்க ஓர் இடம். நெதர்லாந்தின் பூனைக் காப்பகமொன்றில், புதிதாக வந்த பூனைகளுள் ஒரு பகுதிக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்துப் பார்த்தனர். பெட்டி பெற்றவை மற்றவற்றினும் விரைவில் அமைதியடைந்தன என்று 2014இல் அறிவித்தனர். பழைய மட்டைப்பெட்டியொன்றைப் பக்கவாட்டிற் கிடத்தி, உயரமான தட்டில் வைத்தால் அதுவே போதும். அதனுட் புகுந்த பூனையை ஒருவரும் இழுத்தெடுக்கலாகாது. இரண்டாவது, பகிர்ந்து போராடவேண்டாத உடைமைகள். பூனைகள் பலவாயின், உணவுத்தட்டும் நீர்ப்பாத்திரமும் மணற்பெட்டியும் வெவ்வேறு இடங்களில் வைக்கப்பட வேண்டும். மணற்பெட்டி பூனைகளின் தொகையினும் ஒன்று கூடுதலாக இருத்தல் நன்று. மூன்றாவது, வேட்டையை ஒத்த விளையாட்டு. குச்சியின் நுனியிற் கட்டிய கோழியிறகை நாளுக்கு இருமுறை சில நிமிடங்கள் அசைத்து விரட்டச் செய்து, இறுதியில் ஒரு நெத்தலித் துண்டை ஈதல் போதும். நூலை விழுங்கினாற் குடல் சிக்குமாதலின், விளையாட்டு முடிந்ததும் அதனை எடுத்து வைத்தல் வேண்டும். நான்காவது, மனிதரின் ஒரே சீரான நடத்தை. தூக்குவதும் தடவுவதும் பூனை தானாக வரும்போதே நிகழவேண்டும். ஐந்தாவது, மணத்தைப் பேணல். பூனை உராய்ந்த இடங்களை மணமூட்டிய கிருமிநாசினியால் நாள்தோறும் துடைத்தல் அதன் முகவரியை அழிப்பதற்கு ஒப்பாகும். குடிபெயரும்போது, பழைய படுக்கையைத் துவைக்காமலே எடுத்துச் சென்று, முதற் சில நாட்கள் பூனையை ஓர் அறையில் மட்டும் வைத்திருந்து, பின்னரே வீடு முழுவதையும் அறிமுகஞ் செய்தல் வேண்டும்.

செய்யத்தகாதனவும் உள. நக்கும்போது அதட்டுதலும் அடித்தலும் கலக்கத்தைப் பெருக்கி நக்கலை வளர்க்கும். கழுத்துப் புனல் அணிவித்தல் புண் ஆறும்வரைக்கு உரிய தற்காலிகக் காவலே. காரணம் நீங்காவிடில் அதனைக் கழற்றிய அன்றே நக்கல் தொடங்கும். மண்ணெண்ணெயையும் கற்பூரங் கலந்த தைலத்தையும் பூசுதல் கொடிது. பூசியதனைத்தையும் பூனை நக்கி உட்கொள்ளும். பல நச்சுப்பொருள்களை முறித்துக் கழிக்கும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குக் குறைவு. நாய்களுக்கென விற்கப்படும் பெர்மெத்திரின் கலந்த தெள்ளு மருந்தும், மனிதர் உண்ணும் பரசிற்றமோல் குளிசையும் பூனையைக் கொல்ல வல்லன.

இவ்வளவும் செய்து சில வாரங்களாகியும் பயனில்லையெனின், புளுவொக்செற்றின், குளோமிப்பிரமின் முதலிய மருந்துகளை மிருகவைத்தியர் விதிப்பதுண்டு. அவை தம் பயனைக் காட்டச் சில வாரங்கள் செல்லும். இடையில் திடீரென நிறுத்தலாகாது. சூழலைத் திருத்தாது மருந்தை மட்டும் கொடுத்தலாற் பெரும்பயனில்லை. கலஹா மக்களுக்கு இவ்வகையில் ஒரு நற்பேறு உண்டு. இலங்கையின் மிருகவைத்தியர்களைப் பயிற்றும் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் போதனா மிருகவைத்தியசாலை, அவர்கள் நாளும் பயணஞ் செய்யும் வீதியின் மறுமுனையிலேயே உள்ளது. அங்கே செல்வோர், உரோமம் எந்நாளிற் குறையத் தொடங்கிற்று, அந்நாளில் வீட்டில் நிகழ்ந்த மாற்றம் யாது, உணவு எது என்பவற்றை ஒரு தாளில் எழுதிச் செல்வாராயின், வைத்தியரின் பணி பாதி முடிந்ததாகும். விசர்நோய்த் தடுப்பூசி இட்ட சான்றையும் உடன் கொண்டுசெல்லல் நன்று. கலங்கிய பூனை எவரையேனும் கடித்துவிடின், புண்ணைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலையை அடைதல் வேண்டும்.

உரோமம் மீண்டும் வளரப் பல வாரங்கள், சிலபோது மாதங்களும் ஆகும். அதுகாறும் பொறுத்திருத்தலே வீட்டார் ஆற்றவேண்டிய பெரும்பணி. நாவைத் தடுப்பதால் இந்நோய் தீராது. நாவை ஏவிய காரணத்தைக் கண்டு நீக்கினாலே தீரும். உடலை முதலிலும், சூழலை அடுத்தும், மருந்தை இறுதியிலும் நோக்கும் இவ்வொழுங்கு பூனைக்கு மட்டும் உரியதன்று. வகுப்பில் நகங்கடித்துக்கொண்டு மௌனமாக இருக்கும் சிறுவனையும், காரணமறியாது அதட்டுமுன், அவனுக்குக் கண் தெரிகின்றதா, காலையில் உண்டானா, வீட்டில் என்ன நிகழ்ந்தது என்று கேட்கப் பழகியவரே நல்லாசிரியர். சொல்லற்ற உயிரின் செயலைப் படிக்கக் கற்ற வீட்டிலே, சொல்லத் தெரியாத பிள்ளையின் துன்பமும் மறைந்து கிடவாது.