பாட்டு ஓடுது, சத்தத்தைக் காணோம்

"டேய், பாட்டு ஓடுது, சத்தத்தைக் காணோம்." இருபது வருஷத்துக்கு மேலாகச் சித்தப்பா இதே வார்த்தைகளில்தான் கூப்பிடுகிறார். 2002-ல் லேண்ட்லைனில் கூப்பிட்டார், போன மாதம் வாட்ஸப்பில். லேண்ட்லைன் நாளில் ஸ்குரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குத் தில்லை நகர் பஸ் ஏறுவேன்.

அவருடைய கம்ப்யூட்டர் அசெம்பிள் செட். போய் இறங்கியதும் முதலில் பார்ப்பது பாட்டு போடும் வின்ஆம்ப் பிளேயர். அதில் பட்டைகள் துள்ளினால் பெட்டிக்குள் பாட்டு உருவாகிறது, குற்றம் வெளியே. பாட்டே நகராமல் பிழைச் செய்தி வந்தால் குற்றம் உள்ளே. வெளியே என்றால் ஸ்பீக்கர் ஒயரின் நுனியை உருவி ஜாக்கின் முனையில் விரலை வைப்பேன். 'உர்ர்' என்று இரைந்தால் ஸ்பீக்கர் நல்லபடியாக இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் கேபினட்டைச் சுவரிலிருந்து இழுத்து, ஒட்டடைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், பச்சைத் துளைக்குப் போக வேண்டிய ஜாக் நீலத்தில் உட்கார்ந்திருக்கும். ஸ்பீக்கருக்குப் பச்சை, மைக்குக்கு இளஞ்சிவப்பு என்ற நிற ஒழுங்கே மைக்ரோசாஃப்டும் இன்டெலும் வகுத்த 'பிசி 99' விதிகளோடு வந்ததுதான். அதற்கு முந்தைய கார்டுகளில் எல்லாத் துளையும் ஒரே நிறமாக இருந்து, தகரத்தில் பொறித்த சின்னப் படங்களைத் தடவிப் பார்த்துச் செருகிய நாளும் உண்டு.

ஜாக்கை முழுசாக அழுத்தாமல் விட்டால் நடக்கும் வேடிக்கை தனி. பாடகர் மட்டும் காணாமல் போவார். வயலினும் கோரஸும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல மிதக்கும். பாடகர் குரலைப் பெரும்பாலும் இடம் வலம் இரண்டிலும் ஒரே அளவில் பதிவு செய்கிறார்கள். இரண்டுக்கும் பொதுவான கம்பி தொடாமல் போனால் ஸ்பீக்கருக்கு எட்டுவது இரண்டின் வித்தியாசம் மட்டும்தான், ஒரே அளவாக இருந்த குரல் கழிந்துபோகும். சித்தப்பா ஒரு சாயங்காலம் முழுக்க இப்படிக் கேட்டுவிட்டு, "இது வாத்திய இசை சிடி போலிருக்கு" என்று முடிவு கட்டியிருந்தார்.

உள்ளே என்றால் வேலை பெரிது. ஃபார்மேட் அடித்துப் புதிதாக எக்ஸ்பி போட்ட மறுநாள்தான் வழக்கமாக அழைப்பு வரும். டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் 'மல்ட்டிமீடியா ஆடியோ கன்ட்ரோலர்' என்ற பெயருக்கு முன்னால் மஞ்சள் கேள்விக்குறி. டிரைவர் சிடி எங்கே என்றால் வீடே முழிக்கும். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, மதர்போர்டில் நகக்கண் அளவுச் சில்லு ஒன்றைத் தேட வேண்டும். மேலே நண்டு படம் இருந்தால் நிம்மதி. தைவானின் ரியல்டெக் நிறுவனத்துக்கு அதுதான் சின்னம். 'ஏஎல்சி 650' மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு, பிரவுசிங் சென்டரில் டிரைவரை இறக்கி எடுத்துவர அரைநாள் போய்விடும். ஆனால் டிரைவர் ஏறி, கடிகாரத்துக்குப் பக்கத்தில் அந்தச் சின்ன ஸ்பீக்கர் படம் முளைக்கும் கணம் இருக்கிறதே, அதற்காக இன்னொரு அரைநாள் போனாலும் பரவாயில்லை.

அதற்கும் முன்னால், விண்டோஸ் 98 காலத்தில் இன்னோர் அநியாயம் இருந்தது. நடைபாதையில் வாங்கிய எம்பி3 சிடி கணீரென்று பாடும். கடையில் முழு விலை கொடுத்து வாங்கிய அசல் ஆடியோ சிடி சுற்றிக்கொண்டே இருக்கும், நொடிகள் ஓடும், சத்தம் வராது. எம்பி3 வெறும் கோப்பு, கம்ப்யூட்டர் அதைப் படித்துப் பாடிவிடும். ஆடியோ சிடிக்கோ டிரைவிலிருந்து சவுண்ட் கார்டுக்குத் தனியாக ஒரு மெல்லிய ஒயர் போக வேண்டும். அசெம்பிள் செய்தவர் அதை மாட்ட மறந்திருந்தால் அசல் ஊமை.

கோப்பின் வகையே பிரச்சினையாக இருந்த காலமும் அதுதான். ரியல் ஆடியோவாக இறக்கிய பாட்டுக்கு அதற்கான பிளேயர் வேண்டும். சினிமா கோப்பில் படம் ஓடும், வசனம் வராது, ஏசி3 கோடெக் இல்லை என்பார்கள். இன்று இந்தத் தலைவலி அநேகமாக ஒழிந்தது. பாரிஸ் மாணவர்கள் தொடங்கிய விஎல்சி எதைப் போட்டாலும் பாடுகிறது. 2015-ல் வந்த விண்டோஸ் 10-லேயே ஃப்ளாக் கோப்பைத் தனிக் கோடெக் இல்லாமல் கேட்கலாம். எம்பி3-யின் காப்புரிமைகளும் 2017-ல் காலாவதியாகிவிட்டன.

அப்படியானால் சித்தப்பா ஏன் இன்னும் கூப்பிடுகிறார்? அன்று ஒரு வீட்டில் பாட்டு வர ஒரே வாசல்தான், அந்தப் பச்சைத் துளை. இன்று மானிட்டர், டிவி, புளூடூத் இயர்போன், சமையலறை ஸ்பீக்கர் என்று நாலைந்து வாசல். விண்டோஸ் தானாக ஒன்றைத் திறந்துகொண்டு நம்மிடம் சொல்லாமல் இருக்கும். பட்டைகள் துள்ளுகின்றனவா என்ற என் பழைய சோதனைக்கு மதிப்பே போய்விட்டது. எல்லா வாசலுக்கும் அவை துள்ளும். விஸ்டா நாளிலிருந்து செயலிக்கு ஒரு வால்யூம் வேறு. பிரவுசரில் ஒரு டேபின் வாயை மட்டும் மூடலாம், மூடியவருக்கே அது மறந்துவிடும். புளூடூத் ஹெட்செட்டில் மீட்டிங்கை முடிக்காமல் விட்டால் அது மைக்கைப் பிடித்துக்கொள்ள, பாட்டு டெலிபோன் குரலாகத் தேயும், சில சமயம் அடியோடு அடங்கிவிடும். இதில் எதையும் விரலால் தொட்டுப் பார்க்க முடியாது என்பதுதான் எனக்கு வருத்தம்.

போன மாத விஷயம் இதுதான். சித்தப்பாவுக்கு அவர் மகள் புது மானிட்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறாள், எச்டிஎம்ஐ ஒயரோடு. அந்த ஒயரில் படத்தோடு ஒலியும் போகும். மானிட்டர் வந்ததும் விண்டோஸ் அதையே வாசலாக்கிக்கொண்டது. மானிட்டருக்கோ ஸ்பீக்கரே கிடையாது. வீடியோ காலில் போனைத் திரை முன்னால் ஆட்டிக்கொண்டே நின்றார்.

"கீழே வலது மூலையில ஸ்பீக்கர் படத்தைத் தட்டுங்க சித்தப்பா."

"தட்டிட்டேன். கோடு வந்துது."

"கோட்டுக்குப் பக்கத்துல சின்னக் குறி ஒண்ணு இருக்கும் பாருங்க."

"அட, ரெண்டு பேரு இருக்கே!"

"கீழே இருக்கறதைத் தட்டுங்க."

தட்டினார். இரண்டாவது சரணத்தின் நடுவிலிருந்து, மூச்சுக்கூட வாங்காமல், பாட்டு வந்தது. சித்தப்பா கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார்.

"அப்போ இவ்வளவு நேரமும் பாடிக்கிட்டுத்தான் இருந்திருக்கான்?"

"ஆமா."

"சரி சரி, முதல்லேர்ந்து போடறது எப்படின்னு சொல்லு."