சர்வர் படுத்தாலும் ஸ்கேன் நிற்கக் கூடாது

கோலார் தங்கவயலில் நெஞ்சு எக்ஸ்ரேவுக்குத் தனி வரலாறு உண்டு. சுரங்கத்தில் பாறைத் தூளை ஆண்டுக்கணக்கில் சுவாசித்த தொழிலாளிக்கு சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வந்துவிட்டதா என்பதை அந்தப் படம்தான் காட்டிக்கொடுக்கும். இந்தியாவில் இந்நோய் முதலில் பதிவானது 1947-இல், இதே சுரங்கங்களில்தான் என்கின்றன மருத்துவப் பாடநூல்கள். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு, அவற்றை நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் மூடப்பட்டது. ஆனால், தூசியை விட்டு விலகிய பிறகும் சிலிகோசிஸ் வளரும், காசநோய்க்கும் வழிவிடும். ஆகவே பழைய சுரங்கத் தொழிலாளி ஒருவர் இருமிக்கொண்டு வந்தால், இன்றைய படத்தோடு பழைய படத்தையும் வைத்துப் பார்க்க மருத்துவர் விரும்புவார்.

அந்தப் பழைய படம் இன்று பெரும்பாலும் சர்வரில் இருக்கிறது. சர்வர் முடங்கினால்?

2022 நவம்பர் 23-ஆம் தேதி டெல்லி எய்ம்ஸில் அதுதான் நடந்தது. தரவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதலில் 5 சர்வர்கள் பாதிக்கப்பட்டு, சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டதாக அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. ஓ.பி. பதிவு, அனுமதி, ஆய்வகம் எல்லாம் பல நாள் பேனாவுக்கும் காகிதத்துக்கும் திரும்பின. அதற்கு முந்தைய ஆண்டு, 2021 மே 14-இல், அயர்லாந்தின் பொது மருத்துவத் துறையும் இப்படியே தாக்கப்பட்டது. நாடு முழுவதற்குமான படச் சேமிப்பு அமைப்பை அணுக முடியாமல் போக, எக்ஸ்ரே, ஸ்கேன் சந்திப்புகள் பெருமளவில் ரத்தாயின.

இயந்திரம் ஓடும், பெயர்தான் தொலையும்

சர்வர் நின்றால் சி.டி. ஸ்கேன் இயந்திரமும் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால், இயந்திரத்தையே வைரஸ் தாக்காதவரை படம் எடுக்கலாம். அது இயந்திரத்தின் சொந்த டிஸ்க்கிலேயே கொஞ்ச காலம் இருக்கும். அறுந்துபோவது வேறு: நோயாளிகளின் பட்டியல் திரைக்குத் தானாக வராது, எடுத்த படம் வார்டுக்குப் போகாது, பழைய படம் கிடைக்காது. டெக்னீஷியன் பெயரைக் கையால் தட்டச்சு செய்ய வேண்டும். ஆபத்து தொடங்குவது இங்கேதான்.

தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் புழங்கும் தங்கவயலில் ஒரே மனிதர் ஒரு சீட்டில் ‘கே. முருகன்’, இன்னொன்றில் ‘முருகன் கே’, ஆதாரில் தந்தை பெயரோடு வேறொன்று. பெயரை மட்டும் நம்பினால் ஒருவர் நுரையீரல் இன்னொருவர் கணக்கில் ஏறும். எனவே ஓ.பி. எண், வயது, தந்தை அல்லது கணவர் பெயர், படம் எடுத்த நேரம், எந்தப் பக்கம் என்பவற்றைப் பதிவேட்டில் எழுதி, முன்பே அச்சிட்டு வைத்த தற்காலிக எண் ஒன்றைத் தர வேண்டும். அதே எண் திரையிலும் கோரிக்கைச் சீட்டிலும் அறிக்கையிலும் இருக்க வேண்டும்.

எது முதலில்?

தலைக்காயம், பக்கவாதம், மூச்சுத்திணறல் போன்றவை காத்திருக்க முடியாது. வழக்கமான முதுகுவலி ஸ்கேன் காத்திருக்கலாம். அவசரப் படங்களைக் கதிரியக்க மருத்துவர் இயந்திரத் திரையிலேயே பார்த்து, முதல் கருத்தைக் கையால் எழுதிக் கையொப்பமிட்டுத் தருவார். மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேனுக்குச் சிறுநீரகப் பரிசோதனை முடிவு தேவை. ஆய்வகமும் முடங்கியிருந்தால் ஆளனுப்பிக் கேட்க வேண்டும். ஒவ்வாமை உண்டா என்று நோயாளியிடமே மறுபடி விசாரிக்க வேண்டும். படத்தைச் செல்போனில் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நுணுக்கமும் போகும், அந்தரங்கமும் போகும். கண்ட பென்டிரைவைச் செருகினால் வைரஸுக்கு நாமே கதவு திறந்ததாகும்.

சர்வர் எழுந்த பிறகும் வேலை முடிவதில்லை. தற்காலிக எண்களை உண்மையான எண்களோடு இணைத்து, படங்களை அனுப்பி, கையெழுத்து அறிக்கையும் தட்டச்சு அறிக்கையும் ஒத்துப்போகின்றனவா என்று பதிவேட்டோடு ஒருவர் வரிவரியாகச் சரிபார்க்க வேண்டும். இதைத் தள்ளிப்போட்டால் அடுத்த ஆண்டு ஒப்பிட வரும் மருத்துவருக்குப் படம் கிடைக்காது. கிடைத்தாலும் அது வேறொருவருடையதாக இருக்கலாம்.

இதெல்லாம் முடங்கிய அன்று கற்கும் பாடமல்ல. எல்லாம் ஓடும் நாளிலேயே ஒரு மணி நேரம் காகிதத்தில் வேலை செய்து பழகினால், பதிவேட்டில் எந்தக் கட்டம் குறைகிறது என்பது தெரிந்துவிடும். சுரங்கக் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை: ஒவ்வொரு எக்ஸ்ரேவின் ஃபிலிமையோ சி.டி. தகட்டையோ அறிக்கையோடு கேட்டு வாங்கி, தேதி எழுதி வீட்டில் வையுங்கள். மருத்துவமனை சர்வர் படுத்தாலும் அந்தப் பிரதி ஒப்பிடக் கிடைக்கும்.